கோட்டுக்காரரின் நெஞ்சு

அந்தக் கார் பட்டறையில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. கோட்டுக்காரர் என்று கேட்டால்தான் ஆள் கிடைப்பார். நடுப்பகலில் தகரக் கூரை அடுப்பாகக் காயும்போது மற்றவர்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெற்றுடம்போடு தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் உள்ளே இரண்டு பனியன், அதன்மேல் சட்டை, அதற்கும்மேல் முழங்கால்வரை தொங்கும் ஒரு காக்கிக் கோட்டு. கேட்டவர்களிடமெல்லாம், "பெயிண்ட் வேலைக்கு ஒரு பொட்டுத் தூசி ஆகாது, உடம்புல இருந்து முடி விழுந்தாக்கூடத் தெரியும்" என்று சொல்லிவைத்திருந்தார். இருபது வருஷமாக அந்தப் பொய் ஆடாமல் அசையாமல் நின்றது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் அதை நம்பிக் கோட்டு தைத்துப் போட்டுப் பார்த்து, மூன்றாம் நாளே மயக்கம் போட்டு விழுந்தார்கள்.

உண்மை வேறு. பதின்மூன்று வயதில் அவருக்கு நெஞ்சு இரண்டு பக்கமும் வீங்கத் தொடங்கியது, பெண்பிள்ளைகளுக்கு வளர்வதுபோல. இந்த வயதில் பையன்கள் பலருக்கு இப்படி வரும், ஒன்றிரண்டு வருஷத்தில் தானே வற்றிவிடும் என்று அப்போது பார்த்த டாக்டர் சொன்னார். பலருக்கும் வற்றிவிடும்தான். இவருக்கு வற்றவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பையன்கள் எல்லா ஊரிலும் பையன்கள்தான். அதுவரை ஆற்றில் மீன்குஞ்சாகத் திரிந்தவர், அக்கரைக்குப் போய்த் தொட்டுவிட்டு மூச்சு வாங்காமல் திரும்புகிறவர், ஒருநாள் தண்ணீரைவிட்டு ஏறினார். ஏறியவர் ஏறியவர்தான். அப்புறம் இருபத்தாறு வருஷம் அவர் தண்ணீரில் இறங்கவில்லை.

வேலையில் மட்டும் அவரை அடிக்க ஆள் இல்லை. நசுங்கி வந்த காரை டிங்கர் தட்டி நிமிர்த்திக் கொடுத்தால், பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, அடிபட்ட இடம் எது என்று சொந்தக்காரரே தேடும்படி செய்துவிடுவார். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு வழி இருந்தது. நேர் வெளிச்சத்தை நம்பவே மாட்டார். கையில் ஒரு குழல் விளக்கை எடுத்துக்கொண்டு காரின் பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சத்தைச் சாய்த்துவிட்டுப் பார்ப்பார். நேரே அடிக்கிற வெளிச்சத்தில் எல்லா மேடு பள்ளமும் வழவழப்பாகத்தான் தெரியும், சாய்த்தால்தான் வண்டவாளம் வெளியே வரும் என்பார்.

இத்தனை கெட்டிக்கார மனுஷர் மகள் விஷயத்தில் மாட்டிக்கொண்டார். மகளுக்கு ஒன்பதரை வயது. அப்பாவின் பழைய மீன்குஞ்சு ரத்தம் அப்படியே இறங்கியிருந்தது. பக்கத்து நகராட்சி நீச்சல் குளத்தில் வகுப்புக்குப் போனாள். அங்கே இரண்டு குளம். இடுப்பளவு ஆழத்தில் சின்னக் குளம், ஆளை மூழ்கடிக்கும் பெரிய குளம். சின்னதிலிருந்து பெரியதுக்கு மாற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேர்வு வைப்பார்கள். பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை என்றால், அப்பாவோ அம்மாவோ தண்ணீரில் கூடவே நீந்திவர வேண்டும். சட்டை, பனியன் போட்டுக்கொண்டு யாரும் இறங்கக் கூடாது. நீச்சல் உடை மட்டும்தான். மனைவிக்குச் சின்ன வயதிலேயே காது சவ்வில் ஓட்டை, தலை நனையவே கூடாது. மிச்சம் இருப்பது அப்பா.

அப்பாவோ பைகளை மடியில் வைத்துக்கொண்டு குளத்தின் ஓரத்துப் பெஞ்சில், கோட்டும் தானுமாக உட்கார்ந்திருப்பார். "அப்பாவுக்குத் தண்ணி ஒத்துக்காதும்மா" என்று சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். மகள் அந்த ஒரு வருஷமும் மூக்கொழுகும் வாண்டுகளுக்கு நடுவே, இடுப்பளவு தண்ணீரில், கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்தவர்களெல்லாம் பெரிய குளத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒருநாள் நீச்சல் பயிற்சியாளர் அம்மாள் பெஞ்சுக்கு வந்து பட்டென்று சொன்னார்.

"பத்து வயசு முடிஞ்சா சின்னக் குளத்துல இடமில்லைங்க. அதுக்குள்ள மாறலைன்னா பேரை எடுத்துடுவோம். இவ்வளவு நல்லா நீந்துற பொண்ணு. இன்னும் ஆறு மாசம்தான் இருக்கு, பாத்துக்குங்க."

அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் அவருக்கு முன்னால் நாலடி தள்ளியே நடந்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவருக்கு.

அன்று மத்தியானம் மனைவி கைப்பேசியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். எதையும் தேடிக் கண்டுபிடிக்காமல் விடுகிற ரகம் இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த விஷயத்தைப் பற்றி அவர் பேசவிட்டதில்லை, அவளும் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"இதுக்கு ஆபரேஷன் இருக்குங்க. நெறையப் பேர் பண்ணிக்கிறாங்களாம்."

"ஆம்பளை போய் இதுக்குன்னு டாக்டர்கிட்ட நிப்பானா?"

"ஆம்பளைதான் நிப்பான். பொம்பளை எதுக்கு இதுக்கு நிக்கப் போறா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடியும் என்ற நினைப்பு வந்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கே கிளம்பலாமா என்றார். ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டர் இருப்பார் என்று அவள்தான் பிடித்து உட்கார வைத்தாள்.

முதலில் போன இடம் ஊருக்கே தெரிந்த பெரிய கட்டடம். சுவரெல்லாம் சட்டையில்லாத இளைஞர்கள் கட்டு கட்டான உடம்போடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் நல்ல பேச்சுக்காரர். "தழும்பே இருக்காது சார், வெட்டின இடத்தை நீங்களே தேடணும்" என்றார். கோட்டுக்காரர் உடனே உஷாராகிவிட்டார். வெட்டி ஒட்டிய இடம் இல்லவே இல்லை என்று சொல்கிற பெயிண்டர் பொய்யன். ஒட்டிய இடத்தை எங்கே ஒளிப்பது என்று யோசிக்கிறவன்தான் வேலைக்காரன்.

"தழும்பு இல்லாம இருக்காது. அதை எங்க ஒளிப்பீங்க டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றி, வேறு இரண்டு போஸ்டரைக் காட்டினார். இவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

இரண்டாவது இடத்தில் ஆல்பம் ஆல்பமாகப் படம் இருந்தது. முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். இவர் ஒவ்வொன்றையும் முகத்தருகே வைத்துப் பார்த்தார். முன்னால் எடுத்த படமெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடும் நிழலுமாக இருந்தது. பின்னால் எடுத்ததெல்லாம் நெஞ்சுக்கு நேரே பளீரென்று ஃபிளாஷ் அடித்து எடுத்தது. தன் தொழிலிலேயே பழைய கார் விற்கிறவர்கள் செய்கிற வேலை அது. அவருக்குக் கோபம் வரவில்லை, குஷிதான் வந்தது, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குஷி.

"இதையே சாய்ச்ச வெளிச்சத்துல எடுத்த படம் இருக்கா டாக்டர்? ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் ஆன படம்?"

"நீங்க என்ன ஃபோட்டோகிராஃபரா?"

"பெயிண்டருங்க."

கூடவே மனைவி ஒரு கேள்வியைப் போட்டாள். கத்தியைப் பிடிக்கப் போவது நீங்கள்தானா என்று கேட்டாள். அன்றைக்கு யார் முறையோ அவர்கள் செய்வார்கள், எல்லாரும் கைதேர்ந்தவர்கள் என்றார் டாக்டர். படியிறங்கும்போது அவள், "வண்டிக்காரங்க உங்களை நம்பிக் குடுத்துட்டுப் போன வண்டியை நீங்க யாரோ ஒருத்தர்கிட்டத் தள்ளிவிட்டா ஒத்துக்குவாங்களா?" என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்று தலையாட்டினார்.

மூன்றாவது டாக்டர் ஒரு பெண்மணி. கோட்டுக்காரருக்கு அது வாசலில்தான் தெரிந்தது. ஆணிடம் காட்டவே இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது, பெண்ணிடமா என்று வாசலிலேயே திரும்பப் பார்த்தார். மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே போஸ்டர் கிடையாது. ஒரு மேஜை, ஒரு கட்டில், சுவரில் கைகழுவும் தொட்டி. டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். எப்போது தொடங்கியது, வலி உண்டா, ஏதாவது கசிகிறதா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குடி, சிகரெட் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று தெரியாமல் கத்தி எடுக்க மாட்டேன் என்று சொல்லி ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதினார். பிறகு, "கோட்டைக் கழட்டுங்க" என்றார்.

கோட்டு, சட்டை, பனியன், இன்னொரு பனியன் என்று அவர் கழற்றக் கழற்ற டாக்டர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசி பனியன் போனதும் எழுந்து, தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தார். மேஜை விளக்கின் கழுத்தை வளைத்துத் தூக்கி, அவருடைய பக்கவாட்டில் வைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

கோட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வெட்கம், கூச்சம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "டாக்டர், நீங்களும் இப்படித்தான் பாப்பீங்களா!" என்று கத்தியேவிட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேற எப்படிப் பாக்குறது? நேர் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாதே."

அப்புறம் அந்த அறையில் நடந்தது டாக்டரும் நோயாளியும் பேசிய பேச்சாகவே இல்லை. ஒரே பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்ததுபோல இருந்தது. காம்பைச் சுற்றியுள்ள கருத்த வட்டம் முடிந்து மற்றத் தோல் தொடங்குகிறதே, அந்த எல்லையில், கீழ்ப்பாதியில் மட்டும் வெட்டுவேன் என்றார் டாக்டர். நிறம் மாறுகிற கோட்டில் கண் தானாக நின்றுவிடும், தழும்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். கோட்டுக்காரர் துள்ளினார். புதுப் பெயிண்டை நடுப் பரப்பில் முடிக்கவே மாட்டோம், காரில் ஒரு மடிப்போ விளிம்போ வருகிற இடத்தில் கொண்டுபோய்த்தான் முடிப்போம், அது இதேதான் என்றார். கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சலாம், ஆனால் உங்களுக்கு உள்ளே சுரப்பித் திசு கெட்டியாக இருக்கிறது, அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் யாருக்காவது தழும்பு தடித்து வளர்கிற வாகு உண்டா என்று கேட்டு, அவர் முழங்கையிலிருந்த பழைய வெட்டுக்காயத்தைத் தடவிப் பார்த்து, பரவாயில்லை என்றார்.

பிறகு தானாகவே ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். யாரோ ஒருவருடைய நெஞ்சு, முகம் தெரியவில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தது. காம்புக்குக் கீழே தட்டு அழுந்தினதுபோல ஒரு குழி.

"இது என் தப்பு. ரொம்பத் தட்டையா வரணும்னு ஆசைப்பட்டு அதிகமா எடுத்துட்டேன். மறுபடி சரி பண்ணிக் குடுத்தேன். ஆனா நடந்தது நடந்ததுதான், நீங்க பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

கோட்டுக்காரர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பட்டி தேய்க்கிற எல்லாரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இப்படி அதிகமாகத் தேய்த்திருப்பார்கள். தேய்த்தவன் ஒத்துக்கொண்டு அவர் பார்த்ததில்லை. "தேதி சொல்லுங்க டாக்டர்" என்றார். பரிசோதனை முடிவு வரட்டும் என்று டாக்டர் சிரித்தார்.

முடிவுகள் நல்லபடியாக வந்தன. பட்டறையிலும் மகளிடமும் ஹெர்னியா என்று சொல்லிவிட்டு லீவு போட்டார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு எடுத்தீங்க?" என்பதுதான். பார்க்க வந்த டிங்கர், ஹெர்னியாவுக்கு எதற்கு நெஞ்சில் கட்டு என்று ரொம்ப நேரம் யோசித்தார். "ஆபரேஷனுக்கு மேலயிருந்து வருவாங்க போல" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பிப் போனார்.

ஆறு வாரம் ராத்திரியும் பகலும் இறுக்குப் பனியன். அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தபடி அவர் ஒரு மணி நேரம்கூடக் கழற்றவில்லை. இருபத்தாறு வருஷம் பனியன் போட்டவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? தையல் பிரித்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து தழும்பின்மேல் சிலிகோன் ஜெல், அப்புறம் விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்துவிடுவது. அந்த வேலையில் அவரை மிஞ்ச முடியாது. பாலிஷ் போடுகிற கை இல்லையா! கண்ணாடி முன் நின்று சின்னச் சின்ன வட்டமாக, பதமாகத் தேய்த்தார். இறுக்குப் பனியன் கழன்ற அன்று தட்டையான நெஞ்சைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சட்டையே போடாமல் வீட்டுக் கூடத்தில் மூன்று சுற்று நடந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தழும்பெல்லாம் மறைந்த பிறகு ஒரேயடியாகக் காட்டி அசத்திவிட வேண்டும் என்று அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் பிறைபோல இளஞ்சிவப்புக் கோடு, அவ்வளவுதான்.

அந்தக் கோடுதான் அவரைக் கெடுத்தது. தேர்வுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்னால் வருகிற கடைசித் தேர்வு அது. அதற்குள் கோடு இறுகி, நிறம் அடங்கிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சீட்டில் டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்: ஒரு வருடம் தழும்பில் வெயில் படக் கூடாது. நம்மவர் அதைத் தன் தொழில் கண்ணால் படித்தார். பெயிண்ட் அடித்த புதிதில் வெயில் ஆகாது, வாஸ்தவம். ஆனால் கொஞ்ச நாள் போன பிறகு நல்ல சூட்டில் வைத்தால்தானே இறுகும், இறுகினால்தானே நிற்கும்? ஒரு வருடம் என்று டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள் என்று தானே ஒரு தள்ளுபடியும் போட்டுக்கொண்டார்.

பட்டறைக்குப் பின்னால், பெயிண்ட் அடித்த பாகங்களை உலர வைக்கிற ஒரு முற்றம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சிவப்பு, நீலம், வெள்ளி நிறக் கார் கதவுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். அந்த வரிசையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, நெஞ்சைத் திறந்து, தானும் ஒரு கதவாக உட்கார்ந்துகொண்டார். ஒரு வாரம், தினம் அரை மணி நேரம். இருபத்தாறு வருஷம் கழித்து நெஞ்சில் வெயில் படுகிறது! கண்ணை மூடிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் டிங்கர் எதற்கோ அந்தப் பக்கம் வந்து, அவரை வெற்றுடம்போடு பார்த்துவிட்டுச் சுத்தியலைக் கீழே போட்டார்.

"அண்ணே! கோட்டு எங்கண்ணே?"

"காயப் போட்டிருக்கேன்."

"கோட்டையா?"

"என்னை."

எட்டாம் நாள் அரிப்பு எடுத்தது. கண்ணாடியில் பார்த்தால், இளஞ்சிவப்பாக இருந்த கோடுகள் இரண்டும் காப்பித்தூள் நிறத்துக்குப் போயிருந்தன. இடது பக்கம் லேசாகத் தடித்தும் இருந்தது. ஓடினார் டாக்டரிடம். டாக்டர் மேஜை விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்று ஒரே கேள்விதான் கேட்டார். இவர் உலர வைக்கிற முற்றத்தைப் பற்றி உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பெயிண்ட் காஞ்சா உங்க வேலை முடிஞ்சுது. தோல் அப்படியா? உள்ள இன்னும் ஒரு வருஷம் வேலை நடக்கும். பாதி வேலை நடக்குற இடத்துல போய் வெயிலைக் காட்டினா கருத்துப் போகாம என்ன செய்யும்? எழுதிக் குடுத்தேன் இல்ல?"

"போச்சா டாக்டர்?"

"போகல. சிலிகோன் பட்டை தர்றேன், ஒட்டிக்குங்க. தடிப்பு அடங்கலைன்னா ஊசி இருக்கு. நிறம் குறைய மட்டும் காலம் ஆகும். ஒன்றரை வருஷம்னு வச்சுக்குங்க."

"தண்ணில இறங்கலாமா?"

"தாராளமா. புண் ஆறி எத்தனை நாளாச்சு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி இறங்கி ஏறிடுங்க."

இறங்கலாம். அந்த வார்த்தைக்காக எத்தனை மாதம் தவம் கிடந்தார்! கிடைத்தபோது இனிக்கவில்லை. நெஞ்சு தட்டையாகிவிட்டது, ஆனால் இரண்டு கோடும் கரி போட்டு இழுத்ததுபோலப் பத்தடி தூரத்திலிருந்தே தெரிகிறது. பார்க்கிறவன் என்ன ஏது என்று கேட்க மாட்டானா? அதன்மேல் எதையாவது ஒட்டி மறைக்கலாம் என்றால், கட்டும் பிளாஸ்திரியும் போட்டவர்கள் இறங்கக் கூடாது என்று குளத்தின் வாசலிலேயே பலகை தொங்கியது. வீட்டுக்கு வந்தவர், அடுத்த வருஷம் பார்க்கலாமே என்று மனைவியிடம் மெல்ல இழுத்தார்.

மனைவி கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் அவளுக்குப் பதினொண்ணு. இவ்வளவு நாள் நெஞ்சை ஒளிச்சீங்க. இனிமே தழும்பை ஒளிக்கப் போறீங்களா?"

அவர் அறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்த்தால், காலையில் மாட்டிக்கொண்டு போன சட்டைக்குள்ளே இரண்டு பனியன் இருந்தது. தேவையே இல்லாத இரண்டு பனியன். இத்தனை ஆபரேஷனும் முடிந்து, தான் மறுபடி அதே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன்மேலேயே அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வந்த கோபத்தில் நேரே கடைத்தெருவுக்குப் போய் ஒரு நீச்சல் உடை வாங்கினார். கடைக்காரர் நிறம் கேட்டதற்கு, "எதுவா இருந்தாலும் குடுங்கய்யா, மனசு மாறுறதுக்குள்ள" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. குளத்தின்மேல் இன்னும் வெயில் விழவில்லை. அப்பா நீச்சல் உடையோடு வருவதைப் பார்த்து மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவர் தோளிலிருந்த துண்டை ஒருமுறை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எடுத்தார். எடுத்த கையோடு, யார் பார்க்கிறார்கள் பார்க்கவில்லை என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பெரிய குளத்தில் குதித்தார்.

அடடா! தண்ணீர் அவரை மறக்கவே இல்லை. உள்ளே போனதும் கை தானாக விரிந்தது, கால் தானாக உதைத்தது. குளத்தின் அடியைத் தொட்டு, ஒரே மூச்சில் பாதித் தூரம் போய்த் தலையைத் தூக்கியபோது கரையிலிருந்த பயிற்சியாளர் அம்மாள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி ஒத்துக்காதுன்னீங்க?" என்றார். "இப்ப ஒத்துக்கிச்சுங்க" என்று கத்தினார் இவர்.

விசில் ஊதியது. மகள் நீந்தினாள், அப்பா ஒரு கை தூரத்தில் கூடவே வந்தார். தொடக் கூடாது, தொட்டால் தேர்வு போச்சு. முக்கால் தூரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கால் கீழே இறங்கத் தொடங்கியது. அவருக்கு உயிரே போய்விட்டது. கை நீட்டப் போனவர் நீட்டாமல், "உதை கண்ணு! உதை! இதோ சுவர்! உதைடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் உதைத்தாள். கடைசிப் பத்தடியை எப்படிக் கடந்தாளோ, சுவரை அறைந்தாள். பயிற்சியாளர் கையை உயர்த்தினார். மேலே பெஞ்சில் பைகளோடு உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து நின்று கைதட்டியதில் இரண்டு பையும் தண்ணீரில் விழுந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். சிரிப்பு அடங்கவில்லை. அப்போதுதான் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் பார்த்தாள்.

"இங்க என்னப்பா, கோடு?"

சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று வாய்வரை வந்துவிட்டது அவருக்கு. அதை விழுங்கினார்.

"அப்பாவுக்கு இங்க பெருசா இருந்துச்சும்மா. பொம்பளைங்களுக்கு இருக்கிற மாதிரி. சின்ன வயசுலேருந்து. எல்லாரும் சிரிப்பாங்கன்னு சட்டையே கழட்ட மாட்டேன். இப்ப ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு."

அவள் விரலால் ஒரு கோட்டை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

அவள் எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. தப்பித்து ஓடலாம் என்றால் நாலு பக்கமும் தண்ணீர்.

"அதனாலதான் என்னை ஒரு வருஷமா சின்னக் குளத்துலயே விட்டீங்களா?"

"ஆமாம்மா."

"என்கிட்டச் சொல்லியிருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டே நீந்தியிருப்பேனேப்பா."

முகமெல்லாம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் அவர் அழுதது யாருக்கும் தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷம் தாங்க முடியாமலும் இருந்தது. "தப்புதான்டா கண்ணு" என்றார்.

அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஈர நெஞ்சில் கன்னத்தை வைத்து ஒரு நிமிஷம் இருந்தாள். அப்புறம் அதே நெஞ்சில் இரண்டு காலையும் ஊன்றி, சுவரை உதைப்பதுபோல ஓங்கி ஒரு உதை உதைத்துக்கொண்டு, பெரிய குளத்தின் நடுவுக்குப் போய்விட்டாள். அவருக்கு வலித்தது. "இன்னொரு தடவை" என்று கத்திக்கொண்டே அவள் பின்னால் நீந்தினார்.